பெயர் மாறிய ஊர்களும் குடிவழித் தேடலும்: பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவக் குப்பங்களின் குடிவழியைத் தேடுவோர்க்கு ஊர்ப்பெயரே முதன்மைச் சான்று. ஆயின் அப்பெயர் மொழிக்கு மொழி திரிந்தும், ஆட்சிக்கு ஆட்சி மாறியும், சில இடங்களில் ஆவணத்தில் ஏறாமலேயும் நின்றுள்ளது. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை ஊர் உறுப்பினருக்கே உரியதாக அமைந்த இப்பகுதியில் ஊர்ப்பெயர்ச் சிக்கல் வாழ்வாதாரச் சிக்கலாகவும் ஆகின்றது. இப்பெயர் மாற்றங்களின் வகைகளையும் அவற்றைக் கையாளும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச் சொற்கள்: பழவேற்காடு, குப்பம், பாடு, தலைக்கட்டு, ஊர்ப்பெயராய்வு, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி

முன்னுரை

தமிழ்நாட்டு மீனவக் குடும்பங்களில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் இன்றும் முற்றிலும் மறையவில்லை. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. இதனால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை மீண்டும் மீண்டும் வருகின்றது. ஒரு குப்பத்தில் ஒரே காலத்தில் ஒரே பெயருடையவர் நால்வர் ஐவர் இருப்பதும் வியப்பன்று. குடும்பப்பெயர் என்ற ஒன்று இல்லாத சமூகத்தில் இவர்களைப் பிரித்தறிய உதவுவன தந்தை பெயரும் ஊர்ப்பெயரும் மட்டுமே. தந்தை பெயரும் சுழலில் வருவதாகையால், ஆவணத்தில் காணும் ஒருவர் நாம் தேடும் முன்னோரா அல்லரா என்பதை இறுதியில் தீர்மானிப்பது ஊர்ப்பெயரே. அந்த ஊர்ப்பெயர் நிலையாக நில்லாத இடத்தில் குடிவழித் தேடல் என்னவாகும் என்பதே இக்கட்டுரையின் வினா.

முன்னெழுத்து வழக்கம் இச்சிக்கலைக் கூட்டுமேயன்றிக் குறைப்பதில்லை. ஊரின் முதலெழுத்தையும் தந்தையின் முதலெழுத்தையும் பெயருக்கு முன் இட்ட பழைய கையொப்பங்களில் 'ப' என்றிருந்தால் அது பழவேற்காடா, பசியாவரமா என்று கேட்க வேண்டியுள்ளது. அதே எழுத்து தந்தையின் பெயரையும் குறித்திருக்கலாம்.

ஓர் ஊர், பல பெயர்கள்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியின் தென்முனையில் பழவேற்காடு அமைந்துள்ளது. ஏரியும் ஊரும் ஒரே பெயரால் வழங்குவது முதற் குழப்பம். 'புலிகாட்' என்று ஆவணத்தில் கண்டவுடன் அது ஊரைக் குறிக்கின்றதா, பல சிற்றூர்கள் அடங்கிய ஏரிப் பகுதியைக் குறிக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

பெயரின் பொருள் குறித்து இரு கருத்துகள் உள்ளன. பழைய வேர்கள் நிறைந்த காடு என்பது ஒன்று. பழைய வேல மரக்காடு என்பது மற்றொன்று. வேர் என்பதன் முன் காடு வந்தால் வேர்க்காடு என்றே புணரும். வேல் என்பதன் முன் வந்தாலே வேற்காடு என்றாகும். சென்னையை அடுத்த திருவேற்காடு இதற்கு இணையான சான்று. வல்லின றகரம் வேல மரத்தையே சுட்டுகின்றது.  அருகிலுள்ள திருப்பாலைவனமும் மரத்தால் பெயர்பெற்ற ஊராதலைச் சேர்த்து நோக்கினால் இக்கருத்து வலுப்பெறும். இவ்வாராய்ச்சி குடிவழித் தேடலுக்குப் புறம்பானதன்று. பழவேர்க்காடு, பழவேற்காடு என இரு எழுத்து வடிவங்களும் ஆவணங்களில் வரும்போது அவை இரண்டு ஊர்கள் அல்ல என்று தெளிய இது தேவைப்படுகின்றது.

விஜயநகரக் காலத்தில் இத்துறைமுகத்துக்கு ஆனந்தராயன் பட்டினம் என்ற பெயரும் பிரளய காவேரி என்ற பெயரும் வழங்கின. முன்னது ஆட்சியாளர் நோக்கில் எழுந்த பெயர். அவ்வாட்சியோடு அதுவும் மறைந்தது. பின்னது தமிழ்ப் பகுதியில் வழக்கொழிந்தாலும் தெலுங்கில் உயிரோடுள்ளது. ஏரித் தீவுகளின் வாழ்வைக் கூறும் ச. வெம். ரமேஷின் தெலுங்குக் கதைத்தொகுப்பு பிரளய காவேரி என்பதையே தலைப்பில் கொண்டுள்ளது. ஒரே ஏரியின் ஒரு கரையில் மறந்த பெயர் மறுகரையில் நினைவில் இருப்பதை ஆய்வாளர் கருத்திற் கொள்ளல் வேண்டும். தமிழ் ஆவணங்களை மட்டும் புரட்டுபவருக்கு இப்பெயர் தென்படுவது அரிது.

போர்ச்சுகீசியர் இதனைப் பலியக்காட்டே என்றனர். டச்சுக்காரர் பாலியக்காட்டா என்று எழுதினர். ஆங்கிலேயர் நாவில் அது புலிகாட் ஆயிற்று. தமிழின் சிறப்பு ழகரம் இம்மூவர் எழுத்திலும் லகரமாகிவிட்டது. இவ்வாறு திரிந்த வடிவம் 'புலிகாட் ஏரி' என்று தமிழுக்கே திரும்பி வந்து, புலிகள் வாழ்ந்த காடோ என்று பொருள்கொள்ள இடமளிக்கின்றது. இறக்குமதியான திரிபிலிருந்து ஊரின் பழமையை ஊகிப்பது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

டச்சுக்காரர் 1613இல் இங்குக் கட்டிய கோட்டைக்கு கெல்ட்ரியா என்று பெயரிட்டனர். நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாக அமைந்தது அப்பெயர். 1690 வரை அவர்களது சோழமண்டலத் தலைமையிடம் இதுவே. பின்னர் அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் இடையே பலமுறை கைமாறிய பின், 1824 உடன்படிக்கையின்படி 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசம் நிலையாக வந்தது. ஆகவே இவ்வூரின் 17, 18ஆம் நூற்றாண்டுச் செய்திகளைத் தேடுபவர் டச்சு மொழி ஆவணங்களையும், அதன் பின்னர் ஆங்கில வருவாய்த்துறை ஆவணங்களையும் நாட வேண்டும். இரண்டிலும் ஊரின் பெயர் அகரவரிசையில் வெவ்வேறு இடங்களில் நிற்கும்.

குப்பம் என்னும் அலகு

பேரூரின் பெயர் எத்தனை முறை திரிந்தாலும் ஏதோ ஒரு வடிவில் ஆவணத்தில் இருக்கின்றது. குப்பத்தின் நிலை அதுவன்று. வருவாய்த்துறைக்குக் கிராமம் என்பது வரி விதிக்கத்தக்க நிலத்தின் அலகு. கடலோரப் புறம்போக்கில் குடிசை கட்டி வாழ்ந்த மீனவருக்கு அத்தகைய நிலம் பெரும்பாலும் இல்லை. ஆதலால் குப்பம் தனிக் கிராமமாகப் பதியப்படாது, அருகிலுள்ள வேளாண் ஊரின் உட்கிடையாக மட்டுமே கருதப்பட்டது. கோட்டைக்குப்பத்தில் பிறந்தவரும் ஆண்டிக்குப்பத்தில் பிறந்தவரும் ஆவணத்தில் ஒரே ஊரினராகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். குடிவழித் தேடுபவர் தம் முன்னோர் குப்பத்தின் பெயரை 19ஆம் நூற்றாண்டு நிலப் பதிவேட்டில் காணாது, அவ்வூர் அன்று இல்லை என்று முடிவுகட்டுவது பெருந்தவறு. இருந்தது ஊர், இல்லாதது வரி.

குப்பங்களின் பெயர்களே தம் வரலாற்றை ஓரளவு கூறுகின்றன. கோட்டைக்குப்பம் என்ற பெயர் கோட்டை எழுந்த பின்னரே தோன்றியிருத்தல் இயலும். நடுவூர் மாதா குப்பம் என்பதில் 'மாதா' கத்தோலிக்கத் தேவாலயத்தைச் சுட்டுகின்றது. லைட்ஹவுஸ் குப்பம் கலங்கரை விளக்கத்தால் பெயர்பெற்றது. இம்மூன்றும் ஐரோப்பியர் வருகைக்குப் பின் எழுந்த அடையாளங்களைத் தாங்கி நிற்பன. இதனால் இக்குப்பங்களில் வாழ்வோர் அனைவரும் அதன் பின்னர் குடியேறியவர் என்று கொள்ளலாமா? கூடாது என்பதே எம் கருத்து. பெயரின் வயது வேறு, குடியின் வயது வேறு. மணற்கரையில் முகத்துவாரம் இடம் மாறுந்தோறும் குப்பமும் நகரும். நகர்ந்த இடத்தில் கண்ணில் படும் பெரிய அடையாளம் எதுவோ அதுவே பெயராக ஒட்டிக்கொள்ளும். பழைய பெயர் முதியோர் பேச்சில் சிறிது காலம் நின்று மறையும்.

அண்மைக் காலத்திலும் இது நிகழ்கின்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையெங்கும் எழுந்த தொகுப்பு வீடுகள் 'சுனாமி குடியிருப்பு' என்றே முகவரி பெற்றன. பேரிடரின் பெயர் ஊர்ப்பெயராகக் குடும்ப அட்டையில் ஏறியது. நூறாண்டு கழித்து அதைப் படிப்பவர் அங்குள்ளோர் எந்தக் குப்பத்திலிருந்து வந்தவர் என்பதை எவ்வாறு அறிவர்?

நகராத ஊரும் நகரும் மாவட்டமும்

பழவேற்காட்டை உள்ளடக்கிய மாவட்டத்தின் பெயர் வரலாறு தனியே எழுதத்தக்கது. 1879இல் சி. எஸ். க்ரோல் எழுதிய மாவட்டக் கையேட்டின் தலைப்பே 'முன்னர் மதராஸ் என வழங்கிய செங்கற்பட்டு மாவட்டம்' என்னும் பொருள்படும். தலைப்பிலேயே பழம்பெயரைக் குறிக்க வேண்டிய நிலை அன்றே இருந்திருக்கின்றது. ஆகவே அதற்கு முந்தைய ஆவணத்தில் ஒருவரது மாவட்டம் மதராஸ் என்றிருந்தால் அவர் சென்னை நகரத்தவர் என்று எண்ணிவிடலாகாது. பொன்னேரிக் கடற்கரையினராகவும் இருக்கலாம். அச்செங்கற்பட்டு பின்னாளில் சில காலம் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் எனப்பட்டது. 1997இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தபோது பழவேற்காடு திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்தது. 2019இல் செங்கல்பட்டு என்ற பெயரில் மீண்டும் ஒரு மாவட்டம் உருவானது. அதில் பழவேற்காடு இல்லை. இன்று இணையத்தில் 'செங்கல்பட்டு மாவட்டம்' என்று தேடிப் பழவேற்காட்டு முன்னோரைக் காண முயல்பவர் ஏமாறுவது உறுதி.

ஏரியின் வடபகுதி நிலைமை இதனினும் சிக்கலானது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் உருவானபோது ஏரி இரு மாநிலங்களுக்கிடையே பிரிந்தது. 1960 ஏப்ரல் 1இல் எல்லை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கும், செங்கற்பட்டு மாவட்டத்தின் வடபகுதி ஊர்கள் சில ஆந்திரத்துக்கும் மாறின. ஏரியின் ஆந்திரப் பகுதி அடங்கிய நெல்லூர் மாவட்டம் 2008இல் பொட்டி ஸ்ரீராமுலுவின் பெயரைத் தாங்கியது. 2022இல் ஏரியை ஒட்டிய சூளூர்ப்பேட்டைப் பகுதி புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. இடம் பெயராமலே ஒருவரது பிறப்பிடம் இத்தனை பெயர் பெற்றது. எல்லைக்கு வடக்கே ஊர்ப்பெயர்கள் தெலுங்கு எழுத்தில் பதிவாயின. சமூகப் பெயரும் மாறியது: தமிழ்க் கரையில் பட்டினவர் எனப்படுவோர் தெலுங்குக் கரையில் பட்டப்பு எனப்படுகின்றனர். கொள்வினை கொடுப்பினை உடைய இரு குடும்பங்கள் இரு மாநிலப் பதிவேடுகளில் இரு வேறு சமூகத்தினராகத் தோன்றுவதற்கு இது வழிவகுத்தது.

ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு 1969இல் விண்வெளித் திட்டத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தீவிலிருந்த சிற்றூர்கள் காலிசெய்யப்பட்டன. யானாதியர் உள்ளிட்டோர் வேறிடம் சென்றனர். உலகமே அறிந்த பெயராக ஸ்ரீஹரிகோட்டா ஆனது. அதனுள் இருந்த ஊர்களின் பெயர்களோ பழைய நில அளவை வரைபடங்களில் மட்டும் எஞ்சியுள்ளன. ஒரு பெயர் புகழ் பெறுவதாலேயே அதன் உட்பெயர்கள் அழிவதற்கு இத்தீவு சான்று.

கடல் கடந்த பெயர்

17ஆம் நூற்றாண்டில் பழவேற்காடு துணிக்கு மட்டுமன்றி அடிமை ஏற்றுமதிக்கும் துறைமுகமாக இருந்தது. 1621 முதல் 1665 வரை டச்சுக்காரர் வங்காள விரிகுடாக் கரைகளிலிருந்து பத்தாவியாவுக்கு 131 கப்பல்களில் 38,441 பேரை அனுப்பியதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். பஞ்சமும் போரும் நேர்ந்த ஆண்டுகளில் இவ்வணிகம் பெருகியது. பெயரிழந்து சென்ற இவர்களுக்குக் கம்பெனி எழுத்தர் ஒரு கிறித்தவப் பெயரும் 'வான்' என்னும் சொல்லோடு ஓர் ஊர்ப்பெயரும் இட்டனர். 'வான்' என்றால் 'இவ்விடத்தைச் சேர்ந்த' என்று பொருள்.

அவ்வாறு பெயர்பெற்றவருள் ஒருவர் கத்தரினா வான் பாலியக்காட்டா. கொலைக் குற்றத்துக்காகப் பத்தாவியாவில் இவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டு, 1657இல் தென்னாப்பிரிக்க நன்னம்பிக்கை முனைக்கு வந்து சேர்ந்தார். 'பெரிய கத்தரீன்' என்று ஆவணங்கள் இவரைக் குறிக்கின்றன. படைவீரர் ஒருவருக்கு இவர் பெற்ற மகன் கிறிஸ்டோபல் ஸ்னைமன். அம்மகன் வழியே வந்த ஸ்னைமன் குடும்பத்தினர் இன்று ஆப்பிரிக்கானர் சமூகத்தில் பரவியுள்ளனர். வெள்ளையர் குடும்பங்கள் பலவற்றின் மூதாதை ஒருத்தி பழவேற்காட்டுப் பெயரைத் தாங்கியவள் என்பது தென்னாப்பிரிக்கக் குடிவழி ஆய்வில் நன்கறியப்பட்ட செய்தி.

ஆயின் அவர் பழவேற்காட்டில் பிறந்தவரா? பெயர் அதற்கு விடை தருவதில்லை. கப்பலேறிய துறையின் பெயரே அடிமையின் ஊர்ப்பெயராக எழுதப்படுவது உண்டு. உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து பஞ்சத்தில் விற்கப்பட்டு வந்தவரும் இத்துறையில் கப்பலேறினால் பாலியக்காட்டாக்காரரே. மறுதலையாக, இவ்வூர்க் குப்பத்திலேயே பிறந்தவர் 'சோழமண்டலக் கரையினர்' என்ற பொதுப் பெயரில் மறைந்திருக்கவும் கூடும். ஆகவே 'வான் பாலியக்காட்டா' என்பதைப் பிறப்பிடமாகக் கொள்வதினும், அவர் வாழ்வில் பதிவான முதல் இடம் என்று கொள்வதே முறை.

இங்கு ஒன்றைச் சொல்லாதிருக்க இயலவில்லை. பழவேற்காட்டில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறைகளில் துயில்வோர் பெயர்களிலும் 'வான்' என்னும் அதே சொல் வருகின்றது. அங்கே அது குடிப்பெருமை. கத்தரினாவிடத்தில் அது உடைமைச் சீட்டு.

இப்பெயர் மனிதரோடு மட்டும் பயணம் செய்யவில்லை. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலியைக் 'காய்ன் பெலிக்காட்' என்பர். பழவேற்காட்டுத் துணி என்பதே அதன் பொருள். மெக்சிகோவில் தலைக்குட்டையைக் குறிக்கும் 'பலியக்காத்தே' என்ற சொல்லும் இவ்வூர்ப் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகின்றது. பழைய சரக்குப் பட்டியலில் இப்பெயரைக் காண்பவர் அது ஆளைக் குறிக்கின்றதா, துணியைக் குறிக்கின்றதா என்று முதலில் நோக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை சற்று மேம்பட்டது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளரின் கப்பல் பட்டியல்களில் தந்தை பெயர், சாதி, மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் இருந்தன. செங்கற்பட்டு, நெல்லூர் மாவட்டங்கள் அவற்றில் வருகின்றன. எழுத்தர் காதில் விழுந்தவாறு ஆங்கில எழுத்தில் ஏற்றியதால் ஊர்ப்பெயர்கள் உருக்குலைந்துள்ளன. எனினும் வட்டத்தின் பெயர் துணை நிற்பதால் உத்தேசமாகவேனும் ஊரை அடையாளங் காணலாம்.

பாடும் தலைக்கட்டும்

கடல் கடந்தோர்க்குக் குடிவழி என்பது பெரும்பாலும் உணர்வு சார்ந்த தேடல். ஏரிக்கரையில் இருப்போர்க்கு அது பிழைப்பு. பழவேற்காட்டு ஏரியின் தென்பகுதியில் 'பாடு' என்னும் மரபுமுறை உள்ளது. வலையிடத்தக்க இடங்களை ஊர் உறுப்பினரிடையே சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது இதன் சாரம். செபாஸ்டியன் மேத்யூ 1991இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக எழுதிய ஆய்வு இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று பட்டினவர் குப்பங்கள் இம்முறையின் மையம். தலைக்கட்டில் இடம்பெற்ற ஆணுக்கே சீட்டில் பங்கு. அவ்விடம் பிறப்பால், அவ்வூர்க் குடியாக இருப்பதால் வருவது.

ஆகவே 'நீ எந்த ஊர்?' என்ற வினா இங்குப் பேச்சுத் தொடக்கமன்று, உரிமை விசாரணை. இறால் ஏற்றுமதி வளர்ந்து வலைக்களத்தின் மதிப்புக் கூடிய பின், பங்கில்லாத குப்பத்தாருக்கும் பங்குள்ளவருக்கும் இடையே பூசல்கள் மிகுந்தன. தாமும் இவ்வேரியின் பழங்குடியே என்று நிறுவ முனைவோரிடம் ஆவணம் கேட்கப்படும்போது அவர்களது குப்பத்தின் பெயர் வருவாய்ப் பதிவேட்டில் இல்லாமை அவர்களுக்கு எதிராகத் திரும்புகின்றது. அரசு எழுதாது விட்டதன் இழப்பை, எழுதப்படாதவரே சுமக்கின்றனர். பெயரைத் தாங்கியிருப்பது மட்டும் உரிமைக்குப் போதிய சான்று என்று கொள்வதும், பெயர் இல்லாமை உரிமையின்மைக்குச் சான்று என்று கொள்வதும் வரலாற்று முறைக்கு ஒவ்வாதன.

தேடல் முறை குறித்துச் சில

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்து வடிவைத் தமிழ் ஒலிப்புக்கேற்பத் திருத்தி ஆணையிட்டுச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. திருத்தம் வேண்டத்தக்கதே. எனினும் பழைய வடிவும் புதிய வடிவும் இணைந்த ஒப்பீட்டுப் பட்டியல் நிலையாகப் பேணப்படாவிடின், திருத்தமும் மற்றொரு பெயர் மாற்றமாகவே முடியும்.

பழவேற்காட்டைப் பொறுத்தவரை தேடலைக் குப்பத்தின் இன்றைய பெயரிலிருந்து தொடங்காது, அது அடங்கிய வருவாய்க் கிராமத்திலிருந்து தொடங்குவது பயன்தரும். மாவட்டத்தின் பெயரை அந்தந்த ஆண்டுக்குரியதாக மாற்றிக்கொண்டே பின்னோக்கிச் செல்ல வேண்டும். எல்லைக்கு வடக்கே தெலுங்குப் பதிவேடுகளையும், கத்தோலிக்கக் குடும்பமாயின் பங்கின் திருமுழுக்கு ஏடுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஊரின் முந்தைய பெயர், முந்தைய இடம், பெண் எடுத்த ஊர்கள், குலதெய்வம் உள்ள இடம் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிக்கொள்வதே அது. குடும்பம் இடம்பெயர்ந்தாலும் குலதெய்வத்தை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. ஆண்டுக்கொரு முறை படையலிடச் செல்லும் மணல்மேட்டுக்கு இன்று எப்பெயரும் இல்லாதிருக்கலாம்; பதிவேட்டில் தேடிக் கிடைக்காத பழைய குப்பம் அங்கே இருந்திருக்க வாய்ப்புண்டு. நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மேட்டின் புல எண்ணைக் குறித்துவருவது அடுத்த வேலை.